ஒன்பது பேர் போய்ப் பத்துப் பேர் வந்த கலைப்பு

ஒக்ரோபர் மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஒன்பது பேராகக் காட்டுக்குள் இறங்கிய நாங்கள், பதினொன்றேகாலுக்கு மறுபக்கத்து மண் றோட்டில் பத்துப் பேராக ஏறினோம். கூடிவிட்ட அந்த ஒருவர் முன்பின் தெரியாத ஆளாக இருந்திருந்தால் கை கொடுத்துப் பெயரைக் கேட்டுத் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்திருப்போம், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் றோட்டில் வரிசையாக நின்ற பத்துப் பேரும் பத்து முகமும் காலம் காலமாக ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். ஒருவரின் கலியாணத்துக்கு மற்றவர் போனவர், ஒருவரின் தாயைப் புதைக்க மற்றவர் குழி வெட்டியவர். இதில் யாரைப் பிடித்து, நீ எங்கிருந்து வந்தாய் என்று கேட்பது?

கிரான்மூ என்கிற எங்கள் ஊர் நோர்வேயின் நடுக்காட்டுக்குள் இருக்கிறது. ஒரு தேவாலயம், ஒரு கடை, ஒரு பெற்றோல் பம்ப், நான் சமைக்கிற முதியோர் இல்லம், மிச்சமெல்லாம் மரம். இங்கே எல்க் என்று ஒரு மிருகம் உண்டு. குதிரை உயரம், தொங்கின மூக்கு, அகலக் கொம்பு. வன்னியில் பிறந்து மரை வற்றல் தின்று வளர்ந்த நானும் என்னைக் கட்டின மனிசர் கனகலிங்கமும் வந்த நாளிலேயே அதற்கு மரை என்று பெயர் வைத்துவிட்டோம். வேட்டை நாளில் காட்டின் ஒரு பக்கத்தில் பரண்களில் துவக்குக்காரர் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். மறுபக்கத்திலிருந்து கையில் துவக்கில்லாத நாங்கள், ஆளுக்கு ஆள் அறுபது காலடி இடைவெளி விட்டு, செம்மஞ்சள் தொப்பியும் சட்டையும் போட்டுக்கொண்டு, தடியால் மரத்தில் தட்டி, ஹோ ஹோ என்று கத்திக்கொண்டு வரிசை குலையாமல் நடப்போம். மரை எங்களுக்கு முன்னால் நகர்ந்து நகர்ந்து துவக்கு வாய்க்குப் போய்ச் சேரும். எங்கள் இருவருக்கும் இதன் பெயர் கலைப்பு.

கலைப்புக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே போகும்போது தலையை எண்ணி வேட்டைத் தலைவர் ஹால்வர் தன் கொப்பியில் எழுதுவார். வெளியே வந்ததும் இடது பக்கத்திலிருந்து ஆளாளுக்குத் தங்கள் எண்ணைக் கத்த வேண்டும், கடைசி ஆளின் எண்ணும் கொப்பியில் இருக்கிற எண்ணும் பொருந்தினால்தான் கலைப்பு முடிந்தது என்று ஹால்வர் வோக்கிரோக்கியில் சொல்லுவார். அவர் சொல்லும் வரை துவக்கிலிருந்து தோட்டாவை எடுக்கக்கூடாது, பரணை விட்டு இறங்கவும் கூடாது. பெயர் எழுதும் வழக்கம் இல்லை. யார் வீட்டில் என்ன அவிகிறது என்று கடைக்காரிக்குத் தெரிந்த ஊரில் பெயரை எழுதுவானேன் என்று விட்டுவிட்டார்கள். அதுதான் பிழை நடந்த இடம்.

ஹால்வர் முப்பத்தொரு வருடமாக வேட்டைத் தலைவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், எண்ணாமல் எந்த இடத்திலும் வண்டியை எடுக்காதவர். இடமிருந்து எண்ணினார், பத்து. வலமிருந்து எண்ணினார், பத்து. தொப்பியைக் கழற்றச் சொல்லி எண்ணினார், முன்னால் ஒரு அடி வைக்கச் சொல்லி எண்ணினார், பத்துப் பத்துத்தான். கொப்பியில் அவர் கையாலேயே ஒன்பது என்று எழுதியிருந்தது. சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஆள் குறைந்தால் என்ன செய்வது என்று நாலு பக்கம் இருந்தது, கூடினால் என்ன செய்வது என்று ஒரு வரியும் இல்லை. ஊர்ச்சபையான கொம்யூனின் காட்டுமிருக அலுவலகத்துக்கு அழைத்தார்.

"ஆள் குறைஞ்சால் உடனை எடுங்கோ. கூடினதுக்கு எங்களிட்டைப் படிவம் இல்லை" என்றாள் அங்கே இருந்த பிள்ளை.

(அவர்கள் எல்லாரும் பேசியது நோர்வீஜிய மொழிதான். இருபத்தேழு வருடமாக அது என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழுகிறது, நான் என்ன செய்ய.)

ஹால்வர் வோக்கியை எடுத்து, "கலைப்பு முடியேல்லை" என்றார். அன்றிலிருந்து பத்து வாரம் அது முடியவே இல்லை.

முடியாத கலைப்போடு ஒரு ஊர் எப்படி வாழும் என்று கேட்டால், வாழும், மனிசர் எதோடும் வாழப் பழகிவிடுவார்கள். துவக்குக்காரர் ஆறு மணி நேரத்துக்கு ஒருவராக முறை வைத்துப் பரணில் ஏறினார்கள், பெண்சாதிமார் சூப்பைப் போத்தலில் ஊற்றிக் கீழே இருந்து கயிற்றில் கட்டி அனுப்பினார்கள். கலைப்பு நடக்கிற காட்டில் செம்மஞ்சள் இல்லாமல் நடமாடக்கூடாது என்பது சட்டம், ஊரே காட்டுக்குள்தான் இருக்கிறது, ஆகவே பிள்ளைகள் செம்மஞ்சள் தொப்பியோடு பள்ளிக்கூடம் போனார்கள், முதியோர் இல்லத்தில் படுக்கையை விட்டு எழும்பாத கிழவிக்கும் ஒரு தொப்பி போட்டோம், பாதிரியார் தன் கறுப்பு அங்கிக்கு மேல் செம்மஞ்சள் சட்டை போட்டுப் பிரசங்கம் செய்தார், நவம்பரில் செத்துப்போன தபால்காரரைப் பெட்டியின் மூடியில் செம்மஞ்சள் துணி போர்த்தித்தான் புதைத்தோம். கடையில் அந்த நிறம் முடிந்து, பெற்றோல் பம்பில் முடிந்து, பிறகு பக்கத்து ஊரிலிருந்து வந்தது. கலைப்பு நடக்கும்போது உரக்கச் சிரிக்கக்கூடாது என்பதால் ஊரில் சிரிப்பு குறைந்தது. நாய்களைக் கட்டியே வைத்தார்கள். முதல் கிழமை எல்லாரும் இதைப் பற்றியே கதைத்தார்கள், மூன்றாம் கிழமை பனி விழுந்ததும் பனியைப் பற்றிக் கதைத்தார்கள்.

ஆனால் எண்ணுவதை மட்டும் யாரும் விடவில்லை. கடைக்குள் வருகிறவர்களைக் கடைக்காரி வாய்க்குள் எண்ணினாள். பஸ்ஸில் ஹால்வர் எண்ணினார். சாப்பாட்டு மேசையில் தாய்மார் எண்ணினார்கள்.

எங்கள் பத்துப் பேருக்குள்ளும் நெருப்பு மூண்டது. நீ எத்தனையாவது எண்ணைக் கத்தினாய் என்று ஹால்வர் ஒவ்வொருவராகக் கேட்டபோது, எனக்கு ஏழு, என் மனிசருக்கு எட்டு, பக்கத்து வீட்டு சிக்ரூனுக்கு ஒன்பது, வரிசையின் வலது கோடியில் வழக்கமாக நடக்கிற அஸ்லாக்குக்குப் பத்து. ஒன்பது பேர் போன இடத்தில் பத்தாவது என்று சொன்னவன் அவன்தானே என்று ஊர் பிடித்துக்கொண்டது. நடுவில் ஒருவர் நுழைந்தாலும் கடைசி ஆள்தான் பத்தாவான் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பயந்த ஊருக்குத் தெரியாது. அஸ்லாக் அறுபது வயது ஒற்றை ஆள், காட்டோரத்தில் குடியிருக்கிறவன், அதிகம் பேசமாட்டான், வீட்டில் ஒரு படம்கூடக் கிடையாது. போதாதா?

ஆளாளுக்குத் தங்களை நிரூபிக்கத் தொடங்கினார்கள். ஞானஸ்நானப் படம், பள்ளிக்கூடப் படம், பல் வைத்தியரின் துண்டு. சிக்ரூன் ஒரு நாள் என் குசினிக்குள் வந்து அழுதாள்.

"நவம், எனக்கு நாலாம் வகுப்பு ரீச்சரின்ர பேர் ஞாபகம் வருகுதில்லை. நானோ தெரியாது, அந்தக் கூடின ஆள்."

"எனக்கு ஒருதற்ர பேரும் ஞாபகமில்லை, அதுக்காக நான் மரையோ" என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் இருவர் மீதும் ஒருவருக்கும் சந்தேகமில்லை. எங்களிடம்தான் கடதாசி இருந்தது. எந்த விமானத்தில் எந்த இருக்கையில் வந்தோம், யார் விசாரித்தார்கள், எத்தனை தரம் விரல் அடையாளம் எடுத்தார்கள், மூன்று கோப்பு நிறைய. இந்த ஊரில் பிறந்தவர்களிடம் தாங்கள் வந்ததற்கு என்ன அத்தாட்சி இருக்கிறது, யார் அவர்களை எப்போது கேட்டார்கள்? கனகுவும் நவமும் கட்டாயம் ஆட்கள்தான் என்று ஹால்வரே பொதுவில் சொன்னார். நோர்வேக்கு வந்து இருபத்தேழு வருடத்தில் முதல் தடவையாக யாரும் எங்களைப் பார்த்து எங்கிருந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்.

என்னால் சந்தோஷப்பட முடியவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை மத்தியானம் றோட்டோரத்தில் நெருப்பு மூட்டி எல்லாரும் சாப்பாட்டுப் பொதியைப் பிரித்தபோது நானும் பையைத் திறந்தேன். ஒரு பொதி இருந்தது. இரண்டு றொட்டி, ஒரு பிடி சம்பல், ஒரு கோப்பை. இருபத்தேழு வருடமாக நான் சமைக்கிறவள், என் கை எனக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு எத்தனை, இரண்டு ஆளுக்கு எத்தனை என்று நித்திரையிலும் அளக்கிற கை. அன்று காலை அந்தக் கை ஒரு ஆளுக்குத்தான் கட்டியிருந்தது. பக்கத்தில் என் மனிசர் கையை நெருப்பில் காட்டிக்கொண்டு, "என்ன நவம், பசிக்குது" என்றார். நான் இரண்டு றொட்டியையும் அவரிடம் கொடுத்து, என்னுடையதை வழியிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன். பொதியைச் சுற்றியிருந்த தாளைக் கசக்கி நெருப்பில் போட்டேன்.

பிறகு வீட்டில் பார்த்தால் எல்லாம் இருந்தது. கலியாணப் படத்தில் இருந்தார், வங்கிப் புத்தகத்தில் இருந்தார், கதவுக்குப் பக்கத்தில் அவர் சப்பாத்து இருந்தது. என் நினைவு முழுக்க அவர்தான். ஆனால் சாப்பாட்டில் உப்புக் காணாது என்று கேட்கத் தொடங்கினார். ஒரு கரண்டி, பிறகு இரண்டு, பிறகு உள்ளங்கையில் கொட்டி நக்கினார். பின்வளவில் நிற்கிற மரத்தின் பட்டையை ஒரு நாள் பிய்த்து மென்றுகொண்டு நின்றார், என்னைக் கண்டதும் வெட்கப்பட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் உப்பைக் கிலோக் கணக்கில் வாங்கினேன்.

இவர் அன்றைக்குத்தான் வந்தவர் என்றால், இருபத்தேழு வருடமும் இந்தப் பனிக்குள் நான் யாரோடு இருந்தேன்? அவர் மரையாக இருக்கட்டும், கரடியாக இருக்கட்டும், அவரை விடுவதற்கு எனக்கு மனமில்லை. அஸ்லாக்கின் வீட்டுக் கதவில் யாரோ பத்து என்று கறுப்பு மையால் எழுதிவிட்டுப் போனதைப் பார்த்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு எனக்கு நரகம் கிடைத்தாலும் நியாயம்தான்.

டிசம்பரில் நத்தாரோடு வேட்டைக் காலம் முடிகிறது. அதற்கு ஒரு கிழமைக்கு முன் ஹால்வர் எல்லாரையும் தேவாலய மண்டபத்துக்குக் கூப்பிட்டார். மெலிந்து போயிருந்தார்.

"எங்கட லைசென்ஸிலை இன்னும் ஒரு ஆண் மரை பாக்கி கிடக்கு" என்றார். "பயப்பிடாதேங்கோ, மனிசரை ஒருத்தரும் சுடமாட்டினம். அதே காட்டை, அதே ஆக்கள், அதே வரிசையிலை திரும்ப ஒருக்கா கலைப்பம். மனிசர் எண்டால் வரிசையிலை நிப்பினம். வரிசைக்கு முன்னாலை ஓடுறது எதுவோ, அது மரை. மிஞ்சிறது ஒன்பது. கொப்பியும் சரி, லைசென்ஸும் சரி."

எல்லாரும் தலையாட்டினார்கள். நியாயமான பேச்சாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அஸ்லாக் மட்டும் பின்வரிசையில் எழுந்து, "கால் தடக்கி ரண்டு அடி முன்னுக்குப் போனாலும் சுடுவியளோ?" என்று கேட்டான். ஹால்வர் கொப்பியை மூடினார். அவன் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.

கடைசிக் கலைப்பு நாள் காலையில் என் மனிசர் சாப்பிடாமல் யன்னலுக்கு முன்னால் நின்றார்.

"நவம், ஒண்டு சொல்லட்டே?"

"சொல்லுங்கோ."

"எனக்குக் கால் கூசுது. உங்களெல்லாருக்கும் முன்னாலை ஓட வேணும் போல கிடக்கு. ரண்டு மூண்டு நாளா அப்பிடித்தான்."

கையில் இருந்த கோப்பையை வைத்துவிட்டேன்.

"ஓடக்கூடாது. விளங்குதே? என்ர பக்கத்திலை நில்லுங்கோ. என்ர தொப்பியைப் பாத்துக்கொண்டு நடவுங்கோ."

"பாக்கிறன்" என்றார். "நான் ஆரெண்டு உமக்குத் தெரியும் என்ன?"

"என்ர மனிசர்" என்றேன். சுகமில்லை என்று சொல்லி அவரை வீட்டில் வைத்திருந்தால் வராதவன்தான் மரை என்று வீட்டைச் சுற்றி வளைத்திருப்பார்கள். போகத்தான் வேண்டும்.

பத்துப் பேர் இறங்கினோம். முழங்கால் வரை பனி. இடதுபக்கம் ஆறு பேர், ஆறாவது கடைக்காரி, பிறகு நான், எனக்கு வலது பக்கத்தில் அவர், அவருக்கு அப்பால் சிக்ரூன், கோடியில் அஸ்லாக். யாருக்கும் ஹோ என்று கத்த வாய் வரவில்லை. எல்லாரும் நிலத்தைப் பார்த்து அளந்து அளந்து கால் வைத்தார்கள், தன் காலே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பதுபோல. அஸ்லாக் ஒவ்வொரு அடிக்கும் நின்று, சிக்ரூன் தனக்கு முன்னால் போகிறாளா என்று பார்த்துப் பார்த்து வந்தான். தடிகள் மட்டும் மரத்தில் தட்டுப்பட்டன. தட்டுகிற சத்தம் கேட்கக் கேட்க என் மனிசரின் தோள் நடுங்குவதை அறுபது காலடிக்கு அப்பாலிருந்தே கண்டேன்.

சதுப்பைத் தாண்டி மரங்கள் குறைந்து ஐதாகிற இடத்தில் செம்மஞ்சள் தொப்பி ஒன்று வரிசையை விட்டு முன்னுக்குப் போனது. ஐந்து அடி, பத்து அடி, இருபது அடி. அவர் ஓடவில்லை, நடக்கத்தான் செய்தார், ஆனால் முழங்கால் பனி அவருக்குக் கணுக்கால் பனியாகிவிட்டது. நான் வரிசையை உடைத்துக்கொண்டு விழுந்து எழும்பி ஓடி, அவருடைய சட்டையின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் பிடித்தேன். கலைப்பில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. அவர் மூச்சு சுடச்சுட ஆவியாக வந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார், யாரென்று கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

கோடியில் அஸ்லாக்கிடம் இருந்த வோக்கி கரகரத்தது. நாலாம் பரணிலிருந்து ஒரு குரல்: "எனக்கு முன்னாலை மரத்துக்குள்ளை ஏதோ அசையுது."

"பொறு" என்றார் ஹால்வரின் குரல். "வரிசை அப்பிடியே நிக்கட்டும். எண்ணுங்கோ."

இடது கோடியிலிருந்து எண் புறப்பட்டது. ஒண்டு. ரண்டு. மரத்துக்கு மரம் அது எங்களை நோக்கி வந்தது. பத்து என்று முடிந்தால் கொப்பி பொருந்தாது, தடி திரும்பத் தட்டும், இந்தச் சட்டையை எத்தனை நேரம் என் கை பிடித்திருக்கும்? மூண்டு. நாலு. இவருக்கு ஒரு எண் வேண்டும். அஞ்சு. கூடின ஆளுக்கு எங்கே எண் இருக்கிறது, ஆரேனும் தங்களுடையதைக் கொடுத்தால் அன்றி? ஆறு என்று கடைக்காரி கத்தினாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அவர் காதுக்குள், "ஏழு எண்டு சொல்லுங்கோ" என்றேன்.

"அது உம்மட."

"சொல்லுங்கோ எண்டுறன்."

காடு காத்திருந்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமி, மனிசக் குரலில், நல்ல உரத்து, "ஏழு" என்றார். எட்டு என்றாள் சிக்ரூன். அஸ்லாக் வோக்கியில் ஒன்பது என்று சொன்னபோது அவன் குரல் உடைந்துவிட்டது.

"ஒன்பது" என்றார் ஹால்வர். "ஒன்பது. கலைப்பு முடிஞ்சுது. தோட்டாவை எடுங்கோ." பரண் பரணாகத் துவக்குகள் திறக்கிற சத்தம் கேட்டது. என் கைக்குள் இருந்த சட்டை நடுங்குவதை விட்டது.

றோட்டில் ஹால்வர் ஒவ்வொருவராகக் கை கொடுத்து எண்ணினார். அழுதுகொண்டே எண்ணினார். ஆறாவதாகக் கடைக்காரிக்குக் கொடுத்த கை, எனக்கு முன்னால் நிற்காமல் என்னைக் கடந்து ஏழாவதாக என் மனிசரிடம் போனது. சிக்ரூன் என் காலை மிதித்துக்கொண்டு போய் அஸ்லாக்கைக் கட்டிப்பிடித்தாள். நான் கூப்பிட்டேன், ஒருவரும் திரும்பவில்லை. கோபமாகவோ வேண்டுமென்றோ அல்ல. அவர்கள் எண்ணி முடித்துவிட்டார்கள்.

என் மனிசர் மட்டும் நகராமல் நின்றார்.

"ஆரைப் பாக்கிறீர் கனகு?" என்று ஹால்வர் கேட்டார். "ஆரும் உள்ளை விடுபட்டிட்டினமோ? அப்பிடியெண்டால் சொல்லும், திரும்பத் தோட்டா ஏத்திப்போட்டுப் போய்ப் பாப்பம். எண்ணிக்கைக்கு வெளியிலை காட்டுக்கை ஒண்டு நிக்குதெண்டால் அதை விடேலாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். வேண்டாம் என்று தலையாட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் உறைந்தது.

"ஒருத்தருமில்லை" என்றார். "எல்லாரும் வந்திட்டினம்."

என் கலியாண வாழ்க்கையில் அவர் எனக்குச் சொன்ன பெரிய வார்த்தை அதுதான்.

ஊர் செம்மஞ்சளைக் கழற்றிவிட்டது. அஸ்லாக்கின் கதவுக்குப் புதுப் பெயின்ற் அடித்தார்கள். முதியோர் இல்லத்தில் என் இடத்துக்கு ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், கறிக்கு உப்புப் போடத் தெரியாது. கொம்யூனிலிருந்து வருகிற கடிதங்களில் தனியாள் வீடு என்று போட்டிருக்கிறது. தனியாகக் கிடக்கிறார் பாவம் என்று சிக்ரூன் அவருக்குக் கேக் கொண்டுவருகிறாள், என்னுடைய கதிரையிலேயே உட்காருகிறாள், நான் எழும்பி இடம் விடுகிறேன். பசியில்லை, குளிரில்லை, மற்றபடி குறையில்லை. அவர் உப்பை மறந்துவிட்டார். நல்ல மனிசராக, ஊருக்கு வேண்டிய மனிசராக, ஒவ்வொரு நாளும் ஏழரை மணிக்கு வேலைக்குப் போகிறார்.

இனி என்னைக் காண்கிறவர் அவர் ஒருவர்தான், அந்தப் பயம் மட்டும் எனக்குப் போகவில்லை. அதனால் தினமும் காலையில் அவர் சப்பாத்தைப் போடும்போது வாசலை மறித்துக்கொண்டு நிற்பேன். என் பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கோ என்பேன். இன்று காலையும் சொன்னார். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொன்னார்.